ரோமில் அடுத்த பேரரசர் யார்? நான்கு பேர் ஆண்ட 69-ஆம் ஆண்டின் கதை

ரோமானியப் பேரரசின் வரலாற்றைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு முதல் நூறு வருடம் பெரிய சிரமம் தராது. அகஸ்டஸ், டைபீரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ என்று ஒரே குடும்பத்தின் ஐந்து பெயர்கள் வரிசையாக வரும். அதற்கடுத்த பக்கத்தைப் புரட்டினால் கி.பி. 69 என்ற ஒரே ஆண்டுக்குள் கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் என நான்கு பேர் நிற்பார்கள். யார் யாருக்கு மகன் என்று தேடினால் கிடைக்காது. நால்வரும் வெவ்வேறு குடும்பம். அதில் மூன்று பேர் அந்த ஆண்டு முடிவதற்குள் பிணம்.

ஏதோ ஒரு கெட்ட ஆண்டு என்று இதைத் தாண்டிப் போய்விடலாம்தான். ஆனால் ரோமானிய அரசின் அடித்தளத்திலேயே ஒரு ஓட்டை இருந்தது. 69-இல் அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்துபோயிற்று. அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்பதில் ஆரம்பிக்கலாம்.

மன்னர் என்று சொல்லிக்கொள்ளாத மன்னர்

தங்கள் கடைசி மன்னரைக் கி.மு. 509-இல் விரட்டியடித்ததாக ரோமானியர்கள் சொல்லிக்கொள்வார்கள். அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு ஒருவரை மன்னர் என்று சொன்னால் அது வசவு. ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் செனட் கூட்டத்தில் குத்திக் கொல்லப்பட்டதற்கு, மனிதர் முடி சூட்டிக்கொள்ளத் திட்டம் போடுகிறார் என்ற சந்தேகம் பெரிய காரணம். அவருடைய தத்துப்பிள்ளை ஆக்டேவியன் அதைப் பார்த்துப் பாடம் படித்தவர். கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் அந்தோணியை முறியடித்தபிறகு அவருக்கு எதிரி என்று யாருமே மிஞ்சவில்லை. அப்போதும் அவர் கிரீடத்தின் பக்கம் போகவில்லை. பழைய குடியரசைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அறிவித்தார். கி.மு. 27-இல் செனட் அவருக்கு அகஸ்டஸ் என்ற பட்டத்தைக் கொடுத்தது.

அகஸ்டஸ் புதிதாகப் பேரரசர் என்றொரு பதவியை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த அதிகாரங்களைத் தனித்தனியாகத் தன் கையில் சேர்த்துக்கொண்டார். படைகள் இருக்கும் மாகாணங்களின் தலைமை ஒன்று. மக்கள் பிரதிநிதிகளான டிரிபியூன்களுக்கு இருந்த தடுப்பாணை அதிகாரம் இன்னொன்று. பிறகு தலைமைப் பூசாரிப் பதவி. ஒவ்வொன்றையும் செனட்டும் மக்களும் அந்த ஒரு மனிதருக்காக, அவர் பெயர் சொல்லிக் கொடுத்ததாகக் கணக்கு.

சிக்கலும் அங்கேதான். வீடு, நிலம், பணம், அடிமைகள் எல்லாவற்றையும் அகஸ்டஸ் உயில் எழுதி வைக்கலாம். அதிகாரங்களை எழுதிவைக்க முடியாது. ஆள் செத்தால் அதிகாரமும் அவரோடு போய்விடும். அடுத்தவருக்கு அதைச் செனட் மறுபடி புதிதாகக் கொடுக்க வேண்டும், அல்லது கொடுக்காமலே விடலாம். மூத்த மகன்தான் வாரிசு என்று சட்டம் போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் சட்டம் போட்டால் இது முடியாட்சி என்று வாய்விட்டு ஒப்புக்கொள்வதாகிவிடும். நாங்கள் மன்னராட்சி இல்லை என்று காட்டிக்கொண்ட அந்தப் பாவனைக்கு, அடுத்த நானூறு ஆண்டுகள் ரோமானியர்கள் ரத்தத்தால் விலை கொடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

அகஸ்டஸுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. வாரிசாக வர வேண்டியவரைத் தத்தெடுத்துக்கொண்டு, தான் உயிரோடு இருக்கும்போதே தன் அதிகாரங்களில் பங்கு கொடுத்துவிடுவது அவர் கண்டுபிடித்த வழி. ரோமானியப் பெரிய வீடுகளில் தத்து என்றால் குழந்தையை எடுத்து வளர்ப்பது அல்ல. வளர்ந்த, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஆண்களையே தத்தெடுப்பார்கள். ஆனால் அகஸ்டஸின் கையில் வாரிசுகள் தங்கவில்லை. மருமகன் மார்செல்லஸ் கி.மு. 23-இல் போனார். அடுத்த மருமகன் அக்ரிப்பா கி.மு. 12-இல். பேரன்கள் லூசியஸும் காயஸும் கி.பி. 2-லும் 4-லும். கடைசியில், தன் மனைவியின் மகனும் தனக்கு அவ்வளவாகப் பிடிக்காதவருமான டைபீரியஸைத் தத்தெடுத்தார். தத்துப்போகும்போது டைபீரியஸுக்கு வயது 44. கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்தபோது தேவையான அதிகாரம் எல்லாம் டைபீரியஸ் கையில் ஏற்கெனவே இருந்ததால் காரியம் நடந்துவிட்டது. அப்போதும் ரைன், டான்யூப் நதி எல்லைகளில் இருந்த படைகள் கலகம் செய்தன. ரைன் படையினர் சிலர், வேண்டுமானால் உங்களைப் பேரரசராக்குகிறோம் என்று தங்கள் தளபதி ஜெர்மானிக்கஸிடமே கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். மறுக்காத தளபதி ஒருவர் வந்திருந்தால் 69-ஆம் ஆண்டு அப்போதே வந்திருக்கும்.

ஒரு பேரரசரின் விலை

கி.பி. 41 ஜனவரியில் கலிகுலாவை அவருடைய சொந்தக் காவலர்களே வெட்டிக் கொன்றார்கள். இனிமேல் குடியரசு என்று செனட் கூடிப் பேசத் தொடங்கியது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அரண்மனையில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நடுங்கிக்கொண்டிருந்த கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸைக் காவற்படைக்காரர் ஒருவர் கண்டுபிடித்து இழுத்துவந்தார். நேராக முகாமுக்குக் கொண்டுபோய் அவரைப் பேரரசர் என்று அறிவித்தார்கள். கிளாடியஸ் ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாகச் சொன்னார். காவற்படை வீரர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் அப்போது 3,000 செஸ்டர்ஸ். அதாவது ஒரே நாளில் ஐந்து வருடச் சம்பளம். மறுநாள் செனட் தலையாட்டியது.

இந்தக் காவற்படைக்குப் பிரிட்டோரியன் படை என்று பெயர். ரோம் நகருக்குள்ளேயே ஆயுதத்தோடு இருக்கும் ஒரே பெரிய படை. பேரரசரைக் காப்பது வேலை, ஆனால் அவரைக் கொல்வதற்கு மிகவும் வசதியான இடத்தில் இருந்தவர்களும் அவர்களே. கிளாடியஸ் இந்த நன்றியை மறைக்கக்கூட இல்லை. அந்த முகாமின் மதிற்சுவரைப் பொறித்துக் காசு அடித்தார். அதிலிருந்து ஒவ்வொரு புதிய பேரரசரும் படைக்கு அன்பளிப்புத் தருவது எழுதப்படாத விதியாகிவிட்டது.

இவர்களைத் தவிர எல்லைகளில் லீஜியன்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5,000 வீரர்கள். ரைன் ஓரத்தில், டான்யூப் ஓரத்தில், சிரியாவில், யூதேயாவில், எகிப்தில், பிரிட்டனில் என்று பரவிக் கிடந்தன. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் அந்த வீரர்கள் பேரரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுப்பார்கள். கையில் இத்தனை பேர் இருந்தும், ரோமுக்கு வெளியிலிருந்து ஒரு பேரரசரை உண்டாக்கலாம் என்ற யோசனை அரை நூற்றாண்டுக்கும் மேல் யாருக்கும் காரியமாகவில்லை. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதை ஆட்சியின் ரகசியம் என்று சொல்கிறார். அந்த ரகசியம் நீரோ செத்தபோது வெளியே வந்தது.

கிழவரும் கஞ்சத்தனமும்

கி.பி. 68 வசந்த காலத்தில் காலியாவில், அதாவது இன்றைய பிரான்சில், விண்டெக்ஸ் என்ற ஆளுநர் நீரோவை எதிர்த்துக் கிளம்பினார். ஸ்பெயினில் ஆளுநராக இருந்த கால்பாவைத் தலைமை ஏற்க வரும்படி அழைத்தார். ரைன் படை விண்டெக்ஸை நசுக்கிவிட்டது, ஆனால் அதற்குள் ரோமில் நீரோவின் கதை முடிந்துகொண்டிருந்தது. காவற்படைத் தலைவர் நிம்ஃபிடியஸ் சபீனஸ், கால்பாவின் பெயரில் ஆளுக்கு 30,000 செஸ்டர்ஸ் தருவதாக வீரர்களிடம் வாக்குக் கொடுத்து அவர்களை நீரோவிடமிருந்து பிரித்தார். செனட் நீரோவை நாட்டின் எதிரி என்று அறிவித்தது. ஜூன் 9-ஆம் தேதி நீரோ தற்கொலை செய்துகொண்டார். அவரோடு அகஸ்டஸின் குடும்பமும் முடிந்தது.

கால்பாவுக்கு அப்போது எழுபது வயதுக்குப் பக்கம். நல்ல குடும்பம், நேர்மையான நிர்வாகி, பிள்ளைகள் உயிரோடு இல்லை. அவர் ரோமுக்கு வந்து சேர்ந்ததும் காவற்படையினர் அந்த 30,000-ஐ எதிர்பார்த்துக் கையை நீட்டினார்கள். நான் வீரர்களைத் தேர்ந்தெடுப்பவன், விலைக்கு வாங்குபவன் அல்ல என்று சொல்லிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் தன்னை உட்காரவைத்ததே அந்த வாக்குறுதி என்பதைக் கிழவர் மறந்துவிட்டார். சின்னத் தொகை கொடுத்திருந்தாலே அவர்கள் சமாதானமாகியிருப்பார்கள் என்பது டாசிட்டஸின் கணிப்பு.

ரைன் கரையில் இன்னொரு குறை. விண்டெக்ஸை அடக்கியவர்கள் அந்த வீரர்கள். சட்டப்படி இருந்த பேரரசருக்காகச் சண்டை போட்டு ஜெயித்தவர்கள். ஜெயித்து முடித்துப் பார்த்தால், தாங்கள் அடக்கிய கலகக்காரனின் கூட்டாளி பேரரசராகி, விண்டெக்ஸ் பக்கம் நின்ற ஊர்களுக்குச் சலுகை கொடுத்துக்கொண்டிருக்கிறார். தங்கள் தளபதியையும் மாற்றிவிட்டார். உள்நாட்டுப் போரில் இது எப்போதும் நடக்கும்: யார் விசுவாசி, யார் துரோகி என்பது சண்டை முடிந்தபிறகே தீர்மானமாகும். 69 ஜனவரி 1-ஆம் தேதி மொகொண்டியாக்கத்தில், இன்றைய ஜெர்மனியின் மைன்ஸில், இரண்டு லீஜியன்கள் கால்பாவுக்குப் பிரமாணம் எடுக்க மறுத்து அவருடைய சிலைகளை உடைத்தன. யாருக்குப் பிரமாணம் என்று கேட்டால், செனட்டுக்கும் ரோமானிய மக்களுக்கும் என்றார்கள். யாரும் அதை நிஜமாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கொலோனில் விட்டெல்லியஸ் பேரரசராக அறிவிக்கப்பட்டார். கீழ் ஜெர்மனிக்கு ஆளுநராக வந்து சில வாரங்களே ஆகியிருந்த மனிதர்.

செய்தி ரோமுக்கு வந்ததும் கால்பா, வாரிசு இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து, ஜனவரி 10-ஆம் தேதி பீசோ என்ற இளம் பிரபுவைத் தத்தெடுத்தார். குணத்தில் குறை சொல்ல முடியாத ஆள். ஆனால் படையில் செல்வாக்கு ஏதும் இல்லை. வீரர்களுக்கு அப்போதாவது ஏதாவது கொடுத்திருக்கலாம். அன்றும் ஒன்றும் இல்லை.

ஜனவரி 15

இந்தத் தத்தில் அதிகம் ஏமாந்தவர் ஓத்தோ. கால்பா கிளம்பியதும் முதலில் வந்து சேர்ந்துகொண்டவர்களில் ஒருவர், தன்னைத்தான் தத்தெடுப்பார் என்று நம்பியிருந்தவர். கழுத்துவரை கடன் வேறு. பேரரசரானால் ஒழியக் கடன்காரர்களிடமிருந்து தப்ப வழியில்லை என்று அவரே சொல்லிக்கொண்டாராம்.

15-ஆம் தேதி காலை கால்பா பாலட்டைன் குன்றில் அப்போலோ கோயிலில் பலி கொடுத்துக்கொண்டிருந்தார். குறி பார்க்கிறவர், உங்கள் வீட்டுக்குள்ளேயே எதிரி இருக்கிறான் என்று சொன்னார். பக்கத்தில் நின்று ஓத்தோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய ஆள் ஒருவர் வந்து, கட்டடக் கொத்தனார்கள் காத்திருக்கிறார்கள் என்றார். ஏற்பாடு தயார் என்பதற்கு அது சங்கேதம். பழைய வீடு ஒன்று வாங்கப் போகிறேன், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓத்தோ நழுவினார். கீழே சனி பகவான் கோயிலுக்குப் பக்கத்தில், சாலைத் தொலைவுகளுக்கு மூலக்கல்லாக இருந்த பொன் மைல்கல் அருகே, அவரைப் பேரரசர் என்று வாழ்த்தக் காத்திருந்தவர்கள் 23 பேர். இவ்வளவுதானா என்று ஓத்தோவே கலங்கிப்போனார். அவர்கள் அவரைப் பல்லக்கில் தூக்கிப்போட்டு, வாளை உருவிக்கொண்டு முகாமுக்கு ஓடினார்கள். வழியில் கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள். முகாமில் இருந்தவர்கள் தடுக்கவில்லை. அன்று மாலைக்குள் கால்பா ரோமானிய மன்றம் என்ற பொதுச் சதுக்கத்தின் நடுவில் வெட்டப்பட்டுக் கிடந்தார். வெஸ்டா கோயிலில் ஒளிந்திருந்த பீசோவை வெளியே இழுத்து வாசலிலேயே கொன்றார்கள். செனட் அன்றே கூடி, அகஸ்டஸுக்குக் கொடுத்த அதே அதிகாரங்களை ஓத்தோவுக்குக் கொடுத்தது.

அன்றைய கொலைகளில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லி வெகுமதி கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் 120 பேருக்கு மேல். அந்த மனுக்கள் பிறகு விட்டெல்லியஸ் கையில் கிடைத்தன. அவர் அத்தனை பேரையும் தேடிப்பிடித்துக் கொல்லச் சொன்னார். கால்பா மேல் பாசம் ஒன்றும் இல்லை. பேரரசரைக் கொன்றால் பரிசு கிடைக்கும் என்ற பழக்கம் வேரூன்றினால் அடுத்த தலை தன்னுடையது என்பது அவருக்குத் தெரியும்.

தடி எடுத்தவன் தண்டல்காரன்

ஓத்தோவின் ஆட்சி மூன்று மாதம். விட்டெல்லியஸின் தளபதிகள் கேசினாவும் வாலென்ஸும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்துவிட்டார்கள். ஓத்தோவுக்கு ஆதரவாக டான்யூப் லீஜியன்கள் வந்துகொண்டிருந்தன. காத்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம். அவர் அவசரப்பட்டார். ஏப்ரல் 14-ஆம் தேதி வட இத்தாலியில் கிரெமோனாவுக்கு அருகே பெட்ரியாக்கம் போரில் அவர் படை தோற்றது. இன்னும் சண்டை போடலாம் என்று வீரர்கள் கெஞ்சினார்கள். ஓத்தோ கேட்கவில்லை. ஓர் இரவு தூங்கி எழுந்து, விடியற்காலையில் கத்தியில் விழுந்தார். வாழ்ந்த விதத்துக்குச் சம்பந்தமே இல்லாத சாவு என்று பலரும் வியந்தார்கள். இதில் ஒரு கொடுமை: அவர் அடித்த வெள்ளிக் காசுகளில் உலகமெங்கும் அமைதி என்று பொறித்திருந்தது.

காசுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கு ஊருக்கு ஊர் போய்ச் சேரும் அறிவிப்புப் பலகை அதுதான். புதிய பேரரசர் முதல் காரியமாகத் தன் முகத்தைக் காசில் ஏற்றுவார். விட்டெல்லியஸின் காசில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும், கீழே படைகளின் விசுவாசம் என்றிருக்கும். ரோமானியக் காசுகள் நம் ஊர் வரைக்கும் வந்தவை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த பொற்காசுப் புதையலில் அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரைக்கும் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலான பேரரசர்களின் முகத்தில் உளியால் வெட்டியிருக்கிறார்கள். அது வேறு கதை.

விட்டெல்லியஸைச் சாப்பாட்டு ராமன் என்று எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்கள். அது பாதி, ஜெயித்தவர்கள் கட்டிவிட்ட கதை. அவர் செய்த உண்மையான தவறு வேறு. பழைய காவற்படையைக் கலைத்துவிட்டு, தன் ரைன் வீரர்களைக் கொண்டு புதிய காவற்படை அமைத்தார். கலைக்கப்பட்டவர்கள் கோபத்தோடு அடுத்த போட்டியாளரைத் தேடிப் போனார்கள். தோற்ற டான்யூப் லீஜியன்களும் மனம் ஆறவில்லை. ரைன் படைக்கு ஒரு பேரரசர், காவற்படைக்கு ஒரு பேரரசர் என்றால் நமக்கு மட்டும் ஏன் இல்லை?

கிழக்கே யூதக் கலகத்தை அடக்கிக்கொண்டிருந்தவர் வெஸ்பாசியன். மூன்று லீஜியன்கள் கையில். பெரிய பரம்பரை கிடையாது, ஆனால் அனுபவசாலி. பக்கத்தில் சிரியாவின் ஆளுநர் முசியானஸ். அவரிடமும் படை உண்டு, பரம்பரையும் உண்டு. அவரே போட்டியிடாமல் வெஸ்பாசியனை முன்னால் தள்ளினார். முசியானஸுக்குப் பிள்ளை இல்லை. வெஸ்பாசியனுக்குத் திட்டஸ், டொமிஷியன் என்று இரண்டு பேர். நான் பேரரசரானாலும் உன் மகனைத்தான் தத்தெடுக்கப்போகிறேன், அதற்கு நீயே ஆகிவிடு என்ற கணக்கு. வீரர்களுக்கோ வேறு பயம். சிரியப் படையை குளிரடிக்கும் ரைன் எல்லைக்கு மாற்றப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி. சிரியாவிலேயே பெண் எடுத்து, குடும்பம் குட்டியோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்த வதந்தி போதும்.

ஜூலை 1-ஆம் தேதி எகிப்தின் ஆளுநர் டைபீரியஸ் ஜூலியஸ் அலெக்சாந்தர் தன் படையை வெஸ்பாசியன் பெயரில் பிரமாணம் எடுக்கவைத்தார். சில நாட்களில் யூதேயாவும் சிரியாவும் சேர்ந்தன. ரோமுக்குப் போகும் தானியத்தின் பெரும்பங்கு எகிப்திலிருந்து. ஆகவே வெஸ்பாசியன் நேராக ரோமுக்குப் போகாமல் அலெக்சாந்திரியாவில் போய் உட்கார்ந்தார். தேவைப்பட்டால் தலைநகரைப் பட்டினி போடலாம்.

தேவைப்படவில்லை. டான்யூப் லீஜியன்களின் தளபதிகளில் ஒருவரான அந்தோனியஸ் பிரைமஸ், யாரும் சொல்லாமலே இத்தாலிக்குள் புகுந்துவிட்டார். அக்டோபர் 24-ஆம் தேதி இரவு, ஏப்ரலில் தோற்ற அதே பெட்ரியாக்கத்துப் பக்கம், மறுபடி போர். விடியவிடிய நடந்தது. இரண்டு பக்கமும் ஒரே மொழி, ஒரே ஆயுதம், ஒரே மாதிரிக் கேடயம். இருட்டில் யார் எவர் என்று தெரியாது. சங்கேதச் சொல்லைக் கேட்டுக் கேட்டே அதுவும் எதிரிக்குத் தெரிந்துபோயிற்று. பின்னிரவில் பிரைமஸ் படையின் முதுகுப் பக்கம் நிலா எழுந்தது. அவர்கள் நிழல் முன்னால் நீண்டு விழுந்ததால் எதிரிகள் நிழலை ஆள் என்று நினைத்துக் குறி தவறி எறிந்தார்கள். விடிந்ததும் மூன்றாம் லீஜியன், சிரியாவில் இருந்தபோது பழகியபடி, எழும் சூரியனைப் பார்த்து முழக்கமிட்டது. முசியானஸின் படை வந்து சேர்ந்துவிட்டது, அதைத்தான் வரவேற்கிறார்கள் என்று ஒரு பேச்சு பரவியது. விட்டெல்லியஸ் பக்கம் ஆட்டம் கண்டது. அந்தப் போரில் ஸ்பெயினைச் சேர்ந்த ஜூலியஸ் மான்சுவெட்டஸ் என்ற வீரரை எதிர்ப்படையில் இருந்த ஒரு இளைஞன் வெட்டி வீழ்த்தினான். உடலைச் சோதிக்கும்போது அது தன் அப்பா என்று தெரிந்தது. ஊரில் சிறு பையனாக விட்டுவிட்டுப் படைக்கு வந்தவர். இதைக் கேட்டு எல்லாரும் போரைச் சபித்தார்கள். சபித்துக்கொண்டே செத்துக் கிடந்த சொந்தக்காரர்களின் உடைமைகளை உருவினார்கள் என்று எழுதுகிறார் டாசிட்டஸ்.

அப்புறம் கிரெமோனா. ஊரில் சந்தை நடந்துகொண்டிருந்த நேரம், வெளியூர் வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். நான்கு நாள் கொள்ளையிட்டு எரித்தார்கள். ரத்தக்கறையைக் கழுவக் குளியலறைக்குப் போன பிரைமஸ் தண்ணீர் சூடு போதவில்லை என்று சொல்ல, கொஞ்ச நேரத்தில் சூடாகிவிடும் என்று ஒரு குரல் பதில் சொன்னதாம். ஊரைக் கொளுத்த அவரே சைகை கொடுத்தார் என்ற பழிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பிடிபட்ட ஊர்க்காரர்களை அடிமைகளாக விற்கப் பார்த்தார்கள். இத்தாலியில் யாரும் இத்தாலியரை வாங்க மாட்டோம் என்றார்கள். விலைபோகாதவர்களை வீரர்கள் கொல்லத் தொடங்கியபிறகே சொந்தபந்தங்கள் ரகசியமாகப் பணம் கொடுத்து மீட்டார்கள்.

பதவி விலக விடாத ஊர்

டிசம்பர் 18-ஆம் தேதி விட்டெல்லியஸ் செய்தது, இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் விளக்கமாகப் படும் காட்சி. இனி முடியாது என்று தெரிந்து, வெஸ்பாசியனின் அண்ணன் சபீனஸோடு பேசி முடித்து, பதவியை விட ஒத்துக்கொண்டார். துக்க உடை உடுத்து, சின்ன மகனைப் பல்லக்கில் வைத்துக்கொண்டு அரண்மனையிலிருந்து இறங்கினார். கூட்டத்தின் முன்னால் அழுதார். இடுப்பிலிருந்த குறுவாளை எடுத்து, ரோமின் உயர் அதிகாரியான கான்சலிடம் நீட்டினார். கான்சல் வாங்கிக்கொள்ளவில்லை. கூட்டம் மற்ற வழியையெல்லாம் அடைத்து, அரண்மனைக்குப் போகும் பாதையை மட்டும் திறந்துவிட்டது. திரும்பிப் போனார்.

பேரரசர் பதவிக்கு வர விதி இல்லை என்று பார்த்தோம். இறங்கவும் விதி இல்லை. குறுவாளை யாரிடம் கொடுப்பது, கொடுத்தால் வாங்கிக்கொள்ள யாருக்கு அதிகாரம் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய வீரர்களுக்கும் அவர் விலகுவதில் லாபம் இல்லை; அவர் போனால் அவர்கள் வேலையும் போய்விடும். மறுநாள் அவர்கள் சபீனஸ் ஒதுங்கியிருந்த கேபிடல் குன்றை முற்றுகையிட்டார்கள். ஜூப்பிட்டர் கோயில் எரிந்து சாம்பலாயிற்று. சபீனஸைக் கொன்றார்கள். 18 வயது டொமிஷியன், ஐசிஸ் கோயில் பூசாரிகளோடு பூசாரியாக வேடமிட்டுத் தப்பினார். 20-ஆம் தேதி பிரைமஸின் படை நகருக்குள் நுழைந்து தெருத்தெருவாகச் சண்டை போட்டது. சாட்டர்நேலியா பண்டிகை நாட்கள். மக்கள் ஓரமாக நின்று கத்திச்சண்டை விளையாட்டைப் பார்ப்பதுபோல் கைதட்டினார்கள். ஒரு தெருவில் வெட்டு, அடுத்த தெருவில் மதுக்கடையும் குளியலும் வழக்கம்போல. விட்டெல்லியஸை ஒளிந்திருந்த இடத்திலிருந்து இழுத்துவந்து கொன்றார்கள்.

பிறகு எழுதிய சட்டம்

செனட் வெஸ்பாசியனுக்கு அதிகாரங்களை வழங்கியது டிசம்பர் 21-ஆம் தேதி. ஆனால் வெஸ்பாசியன் தன் ஆட்சி ஜூலை 1-ஆம் தேதியே தொடங்கியதாகக் கணக்கு வைத்துக்கொண்டார். எகிப்துப் படை பிரமாணம் எடுத்த அந்த நாள். தன்னை உண்டாக்கியது யார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

அந்த அதிகாரங்களை வரையறுத்த சட்டத்தின் கடைசிப் பகுதி ஒரு வெண்கலப் பலகையில் இன்றும் இருக்கிறது. ரோமில் கேபிடல் குன்றின் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். முன்னோர் அகஸ்டஸுக்கும் டைபீரியஸுக்கும் கிளாடியஸுக்கும் இருந்த உரிமைகள் இவருக்கும் உண்டு என்று வரிக்கு வரி சொல்கிறது. கலிகுலா, நீரோ பெயர்கள் இல்லை. கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ் மூவரும் ஆண்டதாகவே அந்தப் பலகைக்குத் தெரியாது. இன்னும் கீழே ஒரு பிரிவு வருகிறது: இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு வெஸ்பாசியன் செய்தவை, ஆணையிட்டவை எல்லாம், மக்களின் ஆணையின்பேரில் செய்யப்பட்டவை போலவே செல்லும். கலகமாகத் தொடங்கிய ஆறு மாதத்தை ஒரு வாக்கியத்தில் சட்டபூர்வமாக்கிவிட்டார்கள். ரோமில் கலகக்காரருக்கும் பேரரசருக்கும் உள்ள வித்தியாசம் இந்த மாதிரிப் பலகை ஒன்று கிடைப்பதில் இருந்தது.

வெஸ்பாசியன் 79-இல் இயற்கையாக இறந்தார். திட்டஸ் சிக்கல் இல்லாமல் அடுத்து வந்தார். பெற்ற மகன் அப்பாவுக்கு அடுத்துப் பேரரசரானது அதுவே முதல் தடவை.

தத்தெடுத்தால் சரியாகிவிடுமா?

திட்டஸுக்குப் பிறகு ஆண்ட தம்பி டொமிஷியன் 96-இல் கொல்லப்பட்டபிறகு வந்த நெர்வா, டிராஜன், ஹாட்ரியன், அந்தோனினஸ் பயஸ், மார்க்கஸ் அவுரேலியஸ் ஆகியோரைப் பற்றி ஒரு பொதுவான நம்பிக்கை உண்டு. மகனுக்குக் கொடுக்காமல் தகுதியானவரைத் தேடித் தத்தெடுத்தார்கள், அதனால் நல்லாட்சி நடந்தது என்று. உண்மை இவ்வளவு உயர்வானது அல்ல. முதல் நால்வருக்கும் உயிரோடு மகன் இல்லை. மார்க்கஸுக்கு ஒருவன் இருந்தான், கொம்மோடஸ். ஆட்சி அவனுக்கே போனது. நெர்வா டிராஜனைத் தத்தெடுத்ததும், தன் காவற்படை அரண்மனைக்குள் புகுந்து மிரட்டியபிறகு. டிராஜன் கையில் ரைன் எல்லைப் படை இருந்தது. பெயர் தத்து, உள்ளே இருந்தது லீஜியன்.

கொம்மோடஸ் 192-இன் கடைசி நாளில் கொல்லப்பட்டதும் 69 திரும்ப வந்தது, இன்னும் வெட்கம்கெட்ட வடிவத்தில். புதிய பேரரசர் பெர்ட்டினாக்ஸை 87 நாளில் காவற்படை கொன்றது. பிறகு முகாம் மதிலில் நின்று பதவியை ஏலம் விட்டார்கள். உள்ளே இருந்து பெர்ட்டினாக்ஸின் மாமனார் சுல்பிசியானஸ், வெளியே வாசலில் நின்று டிடியஸ் ஜூலியானஸ். மாறிமாறி ஏற்றிக்கொண்டே போய் சுல்பிசியானஸ் ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸில் நின்றார். ஜூலியானஸ் ஒரேயடியாக ஐயாயிரம் ஏற்றி, விரல்களால் காட்டி, கத்தி, வாங்கிவிட்டார். அப்போது செனட்டராக இருந்த காசியஸ் டியோ இதை எழுதிவைத்திருக்கிறார். 66 நாள் ஆண்டார்.

அதற்குள் பிரிட்டன், சிரியா, டான்யூப் மூன்று படைகளுக்கும் மூன்று தலைவர்கள். டான்யூப் தலைவர் செப்டிமியஸ் செவெரஸே ரோமுக்குக் கிட்டே இருந்தார், முதலில் வந்து சேர்ந்தார். ஏலம்விட்ட காவற்படையைக் கலைத்துவிட்டுத் தன் ஆட்களை வைத்தார். சிரியாவின் நைஜரை முடிக்கும்வரை பிரிட்டனின் அல்பினஸுக்கு இளவரசர் பட்டம் கொடுத்துச் சமாளித்தார், பிறகு 197-இல் லியோனில் அவரையும் முடித்தார். தன்னை மார்க்கஸ் அவுரேலியஸின் மகன் என்று அறிவித்துக்கொண்டார், மார்க்கஸ் செத்துப் பதினைந்து வருடம் ஆனபிறகு. உங்களுக்கு ஒரு அப்பா கிடைத்ததற்கு வாழ்த்துகள் என்று ஒருவர் அவரிடமே சொன்னாராம்.

235-லிருந்து 284 வரைக்கும் நடந்ததை இந்த அளவுக்கு விரிக்க இடம் இல்லை. ஒன்று சொன்னால் போதும்: 238-இல் மட்டும் ஆறு பேர் பேரரசர்களாக இருந்தார்கள்.

இந்த ஓட்டையை அடைக்க உட்கார்ந்து யோசித்தவர் டயோக்ளீஷியன். 293-இல் இரண்டு மூத்த பேரரசர்கள், இரண்டு இளையவர்கள் என்று நால்வர் ஆட்சியை அமைத்தார். மூத்தவர்கள் விலகினால் இளையவர்கள் தானாக மேலே வருவார்கள். அவர்கள் இடத்துக்குப் புதிதாக இருவர். 305-இல் அவர் தானே முன்வந்து பதவி விலகினார், தன் கூட்டாளியையும் விலகவைத்தார். விட்டெல்லியஸால் முடியாததை இவர் செய்து காட்டினார். ஆனால் பெற்ற மகன்களை ஒதுக்கிவிட்டுத் திட்டம் போட்டிருந்தார். மறுவருடமே மூத்தவர்களில் ஒருவரான கான்ஸ்டான்டியஸ் யார்க் நகரில் இறக்க, வீரர்கள் அவர் மகன் கான்ஸ்டன்டைனைப் பேரரசர் என்று முழங்கினார்கள். சில மாதத்தில் ரோமின் காவற்படை, டயோக்ளீஷியனோடு விலகிய அந்தக் கூட்டாளியின் மகன் மாக்சென்டியஸை முன்னிறுத்தியது. 312-இல் மில்வியன் பாலத்தில் மாக்சென்டியஸைத் தோற்கடித்த கான்ஸ்டன்டைன் பிரிட்டோரியன் காவற்படையை அடியோடு ஒழித்தார்.

காவற்படை போனது, பழக்கம் போகவில்லை. 337-இல் கான்ஸ்டன்டைன் இறந்ததும் கான்ஸ்டான்டிநோபிளில் வீரர்கள் அவருடைய மகன்களைத் தவிர மற்ற ஆண் உறவினர்களை ஏறக்குறைய எல்லாரையும் கொன்றார்கள். தப்பியவர்களில் ஒருவன் ஜூலியன் என்ற சிறுவன். 360-இல் பாரிசில், தங்களைக் கிழக்கு எல்லைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கொதித்த வீரர்கள் அந்த ஜூலியனைக் கேடயத்தின் மேல் தூக்கி அகஸ்டஸ், அதாவது பேரரசர், என்று அறிவித்தார்கள். அவரை அடக்க மறுவருடம் புறப்பட்ட பேரரசர், கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் வழியில் காய்ச்சலில் இறந்துபோனதால் அந்தப் போர் மட்டும் நடக்கவில்லை.